மொட்டையும் ஊமையும்: பல்கலைக்கழகப் பெயரிலா முறையீடுகள் குறித்து ஒரு திறனாய்வு

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டை இருமொழிப் புழக்கம் உடைய இடம். கோட்டை வாயிலுக்கு எதிரே நீளும் சாலைக் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் ஒரே பேரத்திற்குள் கலந்து வழங்குவதை ஆ. மாதவனின் கடைத்தெருக் கதைகளைப் பயின்றோர் அறிவர். அத்தகைய இடத்தில் ஒரு பொருளுக்கு இரு சொற்கள் அருகருகே நிற்பதும், அவை ஒன்றையொன்று விளக்குவதும் இயல்பு. கையொப்பம் இல்லாமல் எழுதப்படும் முறையீட்டைத் தமிழர் 'மொட்டைக் கடிதம்' என்பர். மலையாளிகள் 'ஊமக்கத்து' என்பர். இரண்டும் இழிவுக் குறிப்புடனேயே வழங்குகின்றன. எனினும் அவற்றின் உருவகங்கள் வேறு. மொட்டை என்பது இருக்க வேண்டிய ஒன்றை இழந்து நிற்பது. மொட்டை மரம், மொட்டை மாடி என்னும் வழக்குகள் அதைக் காட்டும். ஊமை என்பது சொல்லச் செய்தி இருந்தும் நா உதவாத நிலை. முதற்சொல் கடிதத்தின் குறையைக் காண்கிறது. இரண்டாம் சொல் எழுதியவரின் இடுக்கணைக் காண்கிறது.

தமிழ்ச் சொல்லுக்கு இன்னொரு வழக்கும் உண்டு. யார், எங்கே, எப்போது என்ற விவரம் எதுவுமின்றி ஒருவர் பேசினால் 'மொட்டையாகச் சொன்னால் எப்படி?' என்று கேட்கிறோம். இங்குப் பேசுபவர் நம் எதிரிலேயே நிற்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியும். இல்லாதது விவரமே. ஆகவே 'மொட்டை' என்னும் ஒரு சொல்லுக்குள் பெயரின்மை, விவரமின்மை என இருவேறு இன்மைகள் அடங்கியுள்ளன. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே பல்கலைக்கழகங்களில் எழும் பெயரிலா முறையீடுகள் பற்றிய விவாதங்களின் அடிப்படைக் கோளாறு என இக்கட்டுரை கருதுகிறது. பெயரில்லாத முறையீட்டை விசாரிக்க இயலும். விவரமில்லாத முறையீட்டை விசாரிக்க இயலாது. நம் நிறுவனங்களோ முன்னதைக் குப்பைக்கூடைக்கு அனுப்புகின்றன. பின்னது பொதுவெளியில் வெடிக்கும்போது கையற்று நிற்கின்றன. கடந்த ஐம்பதாண்டுகளில் எழுந்த சில முறையீடுகளைப் பனுவல்களாகக் கொண்டு இக்கருத்தை ஆராயலாம்.

புகாரும் மதுரையும்

முறையீட்டைக் குறிக்கும் 'புகார்' என்னும் சொல் கூப்பிடுதல் என்ற பொருளுடைய இந்துஸ்தானிச் சொல்லின் வழி வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தின் பெயரோடு அதற்கு உறவில்லை. ஆயினும் முறையீட்டைப் பற்றிய நம் மரபின் நுட்பமான சிந்தனை ஒன்று அந்நகரில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூர் எடுத்த காதை ஐவகை மன்றங்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று பாவை மன்றம். அரசனின் கோல் கோடினும், அறங்கூறு அவையம் ஒரு பக்கம் சாயினும், அங்குள்ள பாவை நாவால் எதுவும் சொல்லாமல் கண்ணீர் உகுக்கும். அதற்குப் பெயரில்லை, சொல்லும் இல்லை. நகரம் அந்தக் கண்ணீரை ஒரு செய்தியாக ஏற்றது என்பதே அம்மன்றத்தின் பொருள்.

அதே பட்டியலில் பூதசதுக்கமும் இடம்பெறுவது கருதத்தக்கது. பொய்ச்சாட்சி சொல்வோரையும் புறங்கூறுவோரையும் அங்குள்ள பூதம் பாசத்தால் பிணித்து ஒறுக்கும். பொய் முறையீட்டின் அச்சத்தை இளங்கோ அறியாதவர் அல்லர். அதற்கென ஓரிடத்தை ஒதுக்கிவிட்டு, பேச முடியாதவர்க்கென மற்றோரிடத்தையும் அவர் வைத்தார். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் பூதசதுக்கம் உண்டு. தீயநோக்குடன் தரப்பட்ட பொய்ப் புகாருக்குத் தண்டனையை அதன் 14ஆம் பிரிவு கூறுகிறது. புகாரை மெய்ப்பிக்க இயலாமை மட்டுமே பொய்ப் புகாராகாது என்றும் அது தெளிவுபடுத்துகிறது. பாவை மன்றத்திற்கு நேரான பிரிவு எதையும் அச்சட்டத்தில் காண முடியவில்லை.

மதுரையில் நிகழ்வது இதன் மறுபக்கம். கண்ணகியே பெயரிட்டு முறையிடுவோரின் முதன்மைச் சான்று எனப் பொதுவாகக் கூறுவர். யாரென்று மன்னன் கேட்க, தன் ஊரையும் கணவன் குடியையும் தன் பெயரையும் அவள் கூறுகிறாள். ஆனால் வழக்கை முடித்து வைத்தது அந்தப் பெயரன்று. சிலம்பினுள் இருந்த பரலே முடித்தது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள்; தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் மன்னன்; உடைத்துப் பார்க்க மணி தெறிக்கிறது. எவர் சொல்லியிருந்தாலும் சோதித்தறியத்தக்க விவரம் அது. மேலும், தன் ஊரைச் சொல்லும்போது அவள் எடுத்துக்காட்டும் முன்னோரில் ஒருவன், கன்றை இழந்த பசு அசைத்த மணியின் ஓசைக்கு நீதி வழங்கிய சோழன். பெயர் சொல்லி முறையிடும் பெண், பெயரும் பேச்சும் இல்லாத ஓர் உயிரின் முறையீட்டைத் தன் முன்னுதாரணமாக நிறுத்துகிறாள்.

பொய்ப் புகார் தந்தவன் யார் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். அரண்மனையோடு உறவுடைய பொற்கொல்லன், தன் முகத்தைக் காட்டித் தன் வாயால் மன்னனிடம் நேரில் கூறியவன். அறிமுகமானவர் சொல்வது மெய், அறியாதவர் சொல்வது பொய் என்ற எண்ணத்தால் விளைந்த கேட்டையே மதுரைக் காண்டம் பேசுகிறது.

கோட்டையிலிருந்து பாளையம் வரை

கிழக்கேகோட்டையிலிருந்து வடக்கே சிறிது தொலைவில் பாளையத்தில் பல்கலைக்கழகக் கல்லூரி இருக்கிறது. அது மகாராஜா கல்லூரி என வழங்கப்பட்ட காலத்தில், 1880களின் தொடக்கத்தில், அங்குப் பயின்ற ஜி. பரமேசுவரன் பிள்ளை திவான் வேம்பாக்கம் ராமையங்காரின் ஆட்சியைக் கண்டித்துப் பெயரிடாமல் பத்திரிகையில் எழுதினார். எழுதியவர் யார் என்பது கண்டறியப்பட்டது. அவர் கல்லூரியை விட்டு வெளியேற நேர்ந்தது. கட்டுரைகளில் கூறப்பட்டவை மெய்யா என்ற வினாவைவிட, எழுதிய கை எது என்ற வினாவே அதிகாரத்திற்குப் பெரிதாகப் பட்டது. சென்னைக்குச் சென்று 'மெட்ராஸ் ஸ்டாண்டர்டு' இதழின் ஆசிரியரான அவரே, 1891இல் மலையாளி மெமோரியல் எனப்படும் விண்ணப்பத்தை முன்னின்று உருவாக்கினார். அதில் கையொப்பமிட்டோர் பதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்.

ஒரே மனிதரின் வாழ்வில் கையொப்பமற்ற எழுத்தும் பதினாயிரம் கையொப்பங்களும் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. இதை அவருடைய துணிவின் வளர்ச்சி எனக் கொள்வதைவிட, எண்ணிக்கையின் பாதுகாப்பு எனக் கொள்வதே பொருந்தும். கையொப்பமிடுதலைத் தனிமனித ஒழுக்கத்தின் அளவுகோலாகக் காண்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னைக் கலாக்ஷேத்திராவின் நுண்கலைக் கல்லூரியில் 2023 மார்ச்சு இறுதியில் மாணவர் திரண்டு அமர்ந்த பின்னரே மாநில மகளிர் ஆணையம் வளாகத்திற்கு வந்தது. அதற்கு முன் தனித்தனி வாய்களிலிருந்து வந்தவை வதந்தி எனப்பட்டன.

இந்நகரத்துப் புனைகதையும் இதற்குச் சான்று தருகிறது. நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' (1970) கோட்டையைச் சுற்றிய தெருக்களில் நடமாடும் அனந்தன் நாயரின் மனவோட்டமாக அமைந்தது. தன்னைவிட அதிகாரத்தில் உயர்ந்த ஒருவரிடம் மனைவியை இழந்த மனிதர் அவர். நாவல் முழுதும் அவர் தமக்குள் பேசிக்கொண்டே இருக்கிறார். முறையிட அவருக்கு ஓர் அலுவலகம் இல்லை. அந்நாவலை நனவோடை உத்தி என்ற தலைப்பில் மட்டுமே நம் ஆய்வேடுகள் பேசி வந்துள்ளன. மேலதிகாரியின் முன் வாயடைத்துப் போனவனுக்குத் தன் மனத்துக்குள் பேசுவதைத் தவிர வேறு வடிவம் இல்லை என்பதும் அவ்வுத்தியின் காரணமாக இருக்கலாம்.

ராஞ்சி, 1972

ஊமையாக இருந்தும் மொட்டையாக இல்லாத முறையீட்டிற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ராஞ்சி இராஜேந்திர மருத்துவக் கல்லூரியில் எழுந்தது. 1972 ஜூன் 10ஆம் நாள் இரவு, மாணவியர் விடுதி வளாகத்திற்குள் சில மாணவர்கள் அத்துமீறி நுழைந்து இழிவாக நடந்துகொண்டனர். விடுதி மாணவியர் 36 பேர் முதல்வரிடம் எழுத்துவழி முறையிட்டனர். முதல்வர் பேராசிரியர் குழு ஒன்றை அமைத்தார். குற்றம் சாட்டப்பட்டோர் அங்கு இல்லாத நிலையில் மாணவியரின் வாக்குமூலங்களைக் குழு பதிவு செய்தது. அவர்களின் ஒளிப்படங்களைப் பிற மாணவர் படங்களோடு கலந்து வைத்து அடையாளம் காட்டச் செய்தது. பின்னர் மாணவர்களை அழைத்துக் குற்றச்சாட்டின் பொருளைக் கூறி விளக்கம் கேட்டது. எந்த மாணவி என்ன சொன்னாள் என்பதை மட்டும் கூறவில்லை. மாணவர்கள் கல்லூரியிலிருந்து இரண்டாண்டுகளுக்கு நீக்கப்பட்டனர்.

அவர்கள் உச்சநீதிமன்றம் சென்றனர். எதிர்த்தரப்பின் சாட்சியை அறியவும் குறுக்கு விசாரணை செய்யவும் வாய்ப்பின்றித் தண்டித்தது இயற்கை நீதிக்கு முரண் என்பது அவர்தம் வாதம். 1973இல் ஹீராநாத் மிஸ்ரா வழக்கு எனப்படும் அத்தீர்ப்பில் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. இயற்கை நீதியின் நெறிகள் எல்லாச் சூழலுக்கும் ஒரே வடிவில் பொருந்துபவை அல்ல. மாணவியரை மாணவர்முன் நிறுத்தியிருந்தால் அவர்கள் பின்னர் அடையக்கூடிய துன்பத்தைக் குழு கருதியது சரியே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பைச் சட்டத்துறையினர் இயற்கை நீதியின் வரம்பு என்ற தலைப்பில் படிக்கின்றனர். நாம் இதை ஒரு வாசிப்பு முறை என்ற நிலையில் படிக்கலாம். அக்குழுவின் முன் இருந்த பனுவலில் நாள் இருந்தது, இடம் இருந்தது, செயல் இருந்தது. படங்களைக் கலந்து வைத்ததில் சோதனையும் இருந்தது. பெயர்கள் குழுவுக்குத் தெரிந்தன. குற்றம் சாட்டப்பட்டோர்க்குத் தெரியவில்லை. தவறாக அடையாளம் காட்டப்படும் இடரைக் கருதியே பிற படங்கள் சேர்க்கப்பட்டன. கடினமான ஒரு சூழலில், சிறப்புச் சட்டமோ நெறிமுறையோ ஏதும் இல்லாத காலத்தில், ஆசிரியர் குழு ஒன்று தன் அறிவைப் பயன்படுத்திச் செய்தது அது. பின்னர்ச் சட்டங்கள் பல வந்தும் அந்த அளவு நுட்பத்தை நம் விசாரணைக் குழுக்களில் அரிதாகவே காண்கிறோம் என்பது என் கருத்து.

பட்டியல், 2017

மறுமுனையில் நிற்பது 2017 அக்டோபரில் வெளியான பட்டியல். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சட்டம் பயின்ற ராயா சர்க்கார், இந்தியக் கல்வித்துறையில் பாலியல் துன்புறுத்தலில் ஈடுபட்டோர் எனப் பிறர் தமக்குத் தெரிவித்தவர்களின் பெயர்களை முகநூலில் தொகுத்து வெளியிட்டார். அது அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்களைக் கொண்டதாக வளர்ந்தது. முறையிட்டோர் பெயர்கள் இல்லை. குற்றம் சாட்டப்பட்டோரின் பெயரும் நிறுவனமும் இருந்தன. பெரும்பாலும் செயல் இன்னதென்று கூறப்படவில்லை. இதனை எதிர்த்து, பல்லாண்டுகள் பெண்ணுரிமைக்காக உழைத்த அறிஞர் சிலரே அறிக்கை வெளியிட்டனர். உரிய விசாரணை முறையைப் பின்பற்றுமாறு கோரினர். பட்டியலை ஆதரித்தோர், அந்த விசாரணை முறைகள் தலித் மாணவியர்க்கும் நிறுவனச் செல்வாக்கு இல்லாதோர்க்கும் எப்போதாவது பயன்பட்டனவா என்று வினவினர். அவ்வினாவுக்கு நேர்மையான விடை கிடைத்ததாகத் தெரியவில்லை.

இப்பட்டியலைப் புரிந்துகொள்ள அகப்பொருள் இலக்கணத்தின் இரு கலைச்சொற்கள் துணைபுரியும். அம்பல், அலர் என்பன அவை. இறையனார் அகப்பொருள் உரை காட்டும் வேறுபாட்டின்படி, அம்பல் வெளிப்படச் சொல் நிகழாமல் முகிழ்த்த நிலை. அலர் இன்னாரிடையே இன்னது நிகழ்ந்தது என விளங்கச் சொல்லும் நிலை. பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவியர் புதியவர்க்குச் சொல்லும் எச்சரிக்கைகள் அம்பல் வகையின. 'அந்த அறைக்குத் தனியாகப் போகாதே' என்பதோடு பேச்சு முடியும், காரணம் கேட்கப்படுவதில்லை. கேட்பவரின் பாதுகாப்பிற்கு அது போதும், விசாரணைக்குப் போதாது. பட்டியல் இந்த அம்பலை அப்படியே எடுத்து அலரின் அளவுக்குப் பரப்பியது. ஆனால் அலருக்குரிய 'இன்னது நிகழ்ந்தது' என்னும் பகுதியைச் சேர்க்கவில்லை. ஒருவர் செய்ததாகக் கருதப்படும் சொல்லத்தகாத சொல்லும், மற்றொருவர் செய்ததாகக் கருதப்படும் வன்செயலும் ஒரே நிரலில் ஒரே எடையுடன் நின்றன. குற்றம் சாட்டப்பட்டவர் மறுக்க விரும்பினாலும் எதனை மறுப்பது என்று அவருக்குத் தெரியாது. உண்மையிலேயே தீங்கிழைத்தவர் தம் செயலையே சிறு செயலாகச் சொல்லித் தப்புவதற்கும் அது வழி திறந்தது.

ஆகவே பட்டியலின் குறை அதில் முறையிட்டோரின் பெயர்கள் இல்லாமை எனக் கூறிய திறனாய்வு இலக்கைத் தவறவிட்டது. முறையிட்டோரின் பெயர்கள் தொகுத்தவர்க்கு ஓரளவேனும் தெரிந்திருந்தன. மறைக்கப்பட்டதற்குக் காரணமும் இருந்தது. செயல் கூறப்படாமையே அதன் குறை. இப்பனுவலைத்தான் 'மொட்டை' என்னும் சொல்லால் குறிக்க வேண்டும். அதுவும் அச்சொல்லின் இரண்டாம் பொருளில். அத்தகைய மொட்டைப் பனுவலை நோக்கி மாணவியரைத் தள்ளியது எது என்பது அடுத்த வினா.

ஏழு நாள்

2015ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு ஒழுங்குவிதிகள் ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு அமைய வேண்டும் என்கின்றன. புகார் எழுத்தில், நிகழ்வு நடந்த மூன்று மாதங்களுக்குள் தரப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவரால் இயலாத நிலையில் நண்பரோ உடன்பயில்வோரோ உறவினரோ தரலாம். புகாரின் படி ஏழு நாள்களுக்குள் எதிர்த்தரப்பினரிடம் சேர்க்கப்பட வேண்டும். விசாரணை தொண்ணூறு நாள்களில் முடிய வேண்டும். இருதரப்பினர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளம் பொதுவில் வெளியிடப்படலாகாது.

இங்கு மறையடக்கமும் பெயரின்மையும் வேறு வேறு என்பதை நோக்க வேண்டும். விதி காப்பது ஊரிடமிருந்து. யாரிடமிருந்து காப்பு வேண்டுமோ, அவரிடம் ஏழு நாளில் பெயர் சேர்ந்துவிடுகிறது. முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவருக்கு இதன் பொருள் என்ன என்பதை இவ்விதழின் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆய்வு முன்னேற்ற அறிக்கையில் நெறியாளரின் கையொப்பம் வேண்டும். உதவித்தொகை பெற வேண்டும். ஆய்வேடு ஒப்படைக்க வேண்டும். பின்னர் நேர்காணல்களில் அவர் ஒரு சொல் சொல்ல வேண்டும், குறைந்தது சொல்லாமலாவது இருக்க வேண்டும். தமிழ்த்துறைகள் அளவில் சிறியவை. நாடு முழுதும் உள்ள புறத்தேர்வாளர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒரு துறையில் கையொப்பமிட்ட புகார் பிற துறைகளுக்கும் போய்ச் சேர்கிறது. முறையிட்டவரின் ஆய்வையும் தேர்வையும் எதிர்த்தரப்பினர் மதிப்பிடாதபடி விலக்கி வைக்கலாம் என்று அதே ஒழுங்குவிதிகள் இடைக்காலத் தீர்வு கூறுவது உண்மையே. நெறியாளரை மாற்றிக்கொண்ட ஆய்வாளர் என்ற பெயருக்கு அவ்விதிகளில் தீர்வு இல்லை.

பகடிவதை தொடர்பான விதிகளோடு இதை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெளிவாகும். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்துத் தமிழ்நாடு 1997இலும், கேரளம் 1998இலும் பகடிவதைத் தடைச் சட்டங்களை இயற்றின. 2009ஆம் ஆண்டின் மானியக் குழு ஒழுங்குவிதிகள், பகடிவதை பற்றித் தகவல் தருவோரின் அடையாளம் காக்கப்பட வேண்டும் என்றும் அதனால் அவர்க்குத் தீங்கு நேரலாகாது என்றும் கூறின. குற்றவாளி மாணவராக இருக்கும்போது தகவல் தருவோரைக் காப்பது நிறுவனத்திற்கு எளிதாகத் தோன்றுகிறது. ஆசிரியராக இருக்கும்போது இயற்கை நீதி நினைவுக்கு வருகிறது. இவ்வேறுபாட்டிற்குச் சட்டக் காரணம் எதையும் என்னால் காண இயலவில்லை.

கையொப்பமிட்டவர்க்கு நிறுவனமும் அரசும் தரும் காப்பு எத்தகையது என்பதை 2024 டிசம்பர் 23ஆம் நாள் கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நிகழ்ந்த கொடுமையின் பின்விளைவு காட்டியது. வெளியாள் ஒருவனால் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான மாணவி அஞ்சாமல் பெயரிட்டு முறையிட்டார். காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை, அவரது அடையாளத்துடன் இணையத்தில் பிறர் காணும் நிலையில் இருந்தது. தொழில்நுட்பக் கோளாறு என விளக்கம் தரப்பட்டது. டிசம்பர் 28ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் பெண் அதிகாரிகள் அடங்கிய சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. கசிவுக்காக மாணவிக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. வழக்கு விரைந்து நடந்து, 2025 ஜூனில் குற்றவாளிக்கு முப்பதாண்டுகளுக்குக் குறையாத வாழ்நாள் சிறை விதிக்கப்பட்டது.

திறனாய்வாளர் கவனிக்க வேண்டியது, அந்த முதல் தகவல் அறிக்கையின் மொழிநடையையும் நீதிமன்றம் கண்டித்தது என்பதே. பாதிக்கப்பட்டவரையே குறைகூறும் தொனி அதில் இருந்ததாக நீதிபதிகள் கருதினர். பெயரைத் தானே இட்ட ஒருவரின் கூற்று, எழுதும் கை மாறியதும் அவர்க்கு எதிரான கூற்றாகிவிடுகிறது. முறையிடுபவர் தம் பெயரை மட்டும் ஒப்படைப்பதில்லை. தம் கதையைச் சொல்லும் உரிமையையும் ஒப்படைக்கிறார். கையொப்பமற்ற கடிதத்தில் குறைந்தது அவ்வுரிமை எழுதியவரிடமே இருக்கிறது.

பாட ஒப்பீடு

பெயரிலா முறையீட்டை என்ன செய்வது என்பதில் அரசின் நிலைப்பாடும் உறுதியாக இருந்ததில்லை. மைய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999 ஜூனில், பெயரில்லாத, பொய்ப்பெயர் இட்ட புகார்களின்மேல் நடவடிக்கை வேண்டா என்றது. 2002 அக்டோபரில், சரிபார்க்கத்தக்க விவரங்கள் இருப்பின் ஆணையத்தின் இசைவுடன் ஆராயலாம் என்று தளர்த்தியது. 2014 நவம்பரில் தளர்வைத் திரும்பப் பெற்றது. இடையில் 2003 நவம்பரில், நெடுஞ்சாலைப் பணிகளின் முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்திற்கு எழுதித் தம் பெயரை வெளியிட வேண்டா எனக் கேட்டுக்கொண்ட பொறியாளர் சத்தியேந்திர துபே கயாவில் கொல்லப்பட்டார். அவர் கடிதம் பல மேசைகளுக்குப் பெயருடனேயே சென்றிருந்தது. அதன்பின் எழுந்த கோரிக்கையின் விளைவே 2014ஆம் ஆண்டின் முறைகேடு வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம். பெயரில்லாத வெளிப்படுத்தலின்மேல் நடவடிக்கை இல்லை என அச்சட்டமும் கூறுகிறது. பத்தாண்டு கடந்தும் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை.

இவற்றுள் 2002ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையே அறிவுக்கு இசைந்தது. எழுதியவர் யார் என்பதை விடுத்து, எழுதப்பட்டது சரிபார்க்கத்தக்கதா என்று அது வினவியது. இவ்வினா தமிழாய்வுக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களில் நூற்றிரண்டு பாடல்களின் ஆசிரியர் பெயர் தெரியவில்லை என்பது ஒரு கணக்கு. பெயர் மறைந்த சிலருக்கு அவர்தம் பாட்டின் தொடரையே பெயராக்கினர் முன்னோர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் என அழைக்கிறோம். பெயரில்லை என்பதற்காக எந்தத் தொகுப்பாசிரியரும் அப்பாடல்களைத் தள்ளவில்லை. உ.வே. சாமிநாதையர் கையில் எடுத்த ஏடுகளுள் முதலும் முடிவும் சிதைந்தவை பல. அவற்றை அவர் பிற ஏடுகளோடு ஒப்பிட்டார், அகச்சான்று தேடினார், ஐயத்திற்குரியதை ஐயத்திற்குரியதென்றே குறித்தார். மெய்யென்று உடனே ஏற்பதும் பொய்யென்று உடனே தள்ளுவதும் பதிப்பாசிரியர் செயல் அல்ல. பெயரற்ற பனுவலை மதிப்பிடும் இக்கருவிகளை மாணவர்க்கு நாள்தோறும் கற்பிக்கும் துறைகள், தம்மைப் பற்றி எழுதப்பட்ட ஒரு தாள் வந்ததும் அவற்றை மறந்துவிடுகின்றன.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அது வலுவானது. பதவி உயர்வுப் போட்டியிலும் சாதிப் பகையிலும் மொட்டைக் கடிதம் எளிய கருவி. துறைத்தலைவர் நியமனம் நெருங்கும் மாதங்களில் இத்தகைய தாள்கள் பெருகுவதைப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றிய எவரும் அறிவர். பொய்யான ஒரு தாளால் நல்லாசிரியர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பு கறைபடலாம். இதனால்தான் பெயரற்ற தாளைக் கொண்டு எவரையும் தண்டித்தல் கூடாது, இடைநீக்கமும் கூடாது, அதன் உள்ளடக்கம் குழுவுக்கு வெளியே செல்லவும் கூடாது. ஆனால் தண்டித்தல் வேறு. பதிவு செய்தல் வேறு. பெயரற்ற தாள் தீர்ப்புக்குப் போதாது. தேடலைத் தொடங்கப் போதும்.

செய்யக்கூடியது சிறியதே. உள்ளகப் புகார்க் குழுவிடம், குறிப்பாக நிறுவனத்தைச் சாராத அதன் வெளி உறுப்பினரின் பொறுப்பில், பெயரிலா முறையீடுகளுக்கென ஒரு பதிவேடு இருக்க வேண்டும். தாள் வந்த நாள், வந்த வழி, அதில் கூறப்பட்ட இடம், காலம், செயல் ஆகியன மட்டும் அதில் குறிக்கப்பட வேண்டும். கையெழுத்தை ஆராய்ந்து எழுதியவரைத் தேடுதல் தடை செய்யப்பட வேண்டும். எந்த வகுப்பு மாணவி எழுதியிருக்கக் கூடும் என்று ஆசிரியர் அறையில் நடக்கும் ஊகமும் அத்தடைக்குள் அடங்கும். விவரமற்ற தாளுக்கு, விவரம் தந்தால் பெயரின்றியும் ஆராயப்படும் என்னும் பொது அறிவிப்பே விடையாக வேண்டும். தேர்வுத்தாள், உதவித்தொகை, மதிப்பெண் போன்றவற்றில் முறைகேடு எனின் ஆவணங்களே பேசும். அங்கு முறையிட்டவரின் பெயர் தேவையே இல்லை. 2019 ஜூலையில் பாளையத்துப் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒரு மாணவர் கத்தியால் குத்தப்பட்ட பின்னரே, குற்றம் சாட்டப்பட்ட மாணவர் தலைவரின் வீட்டிலிருந்து பல்கலைக்கழக விடைத்தாள்கள் கைப்பற்றப்பட்டன. அரசுப் பணித் தேர்வில் அவர்கள் செய்த மோசடியும் வெளிவந்தது. விடைத்தாள் கட்டுகளை எண்ணிப் பார்க்க எவருடைய கையொப்பமும் வேண்டியதில்லை.

உடலுக்கும் மானத்திற்கும் நேர்ந்த தீங்கில் ஆவணம் இராது. அங்கேதான் பாட ஒப்பீட்டின் பயன் தெரியும். மூன்றாண்டு இடைவெளியில், வேறு வேறு கைகளில், ஒருவரையொருவர் அறியாதவர் எழுதிய மூன்று தாள்கள் ஒரே அறையை, மாலை ஐந்து மணிக்குப் பிந்திய ஒரே நேரத்தை, ஆய்வேட்டுத் திருத்தம் என்ற ஒரே காரணத்தைக் குறிக்குமாயின், அவை மூன்று ஏடுகளில் ஒத்து நிற்கும் ஒரு பாடம். பதிவேடு இல்லாத நிறுவனத்தில் அம்மூன்றும் மூன்று துறைத்தலைவர்களின் மூன்று குப்பைக்கூடைகளில் தனித்தனியே முடிந்திருக்கும். பதிவேடு உள்ள நிறுவனத்தில் குழு எவரையும் பெயர் சொல்ல அழைக்காமலேயே கேட்கக்கூடிய வினாக்கள் உண்டு. ஐந்து மணிக்குப் பின் அத்தளத்தில் விளக்கு எரிந்த நாள்கள் எவை, காவலரின் வருகைக் குறிப்பேடு என்ன சொல்கிறது, அறையின் இரண்டாவது சாவி யாரிடம் இருந்தது என்பன அவை.